சவரக்கத்தியின் ஜாதகம்

1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்திறங்கிய வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனுக்கு அய்யங்குளத்தருகே குடுமியை எடுத்து மொட்டை போட்டார்கள். பின்னாளில் ரமண மகரிஷி. அந்தக் கத்தி எந்த ஊரில் அடித்ததோ! உள்ளூர்க் கொல்லர் வேலையாகவும் இருக்கலாம். கப்பலில் வந்த சீமைச் சரக்காகவும் இருக்கலாம்.

அந்தக் காலத்துச் சீமைக் கத்தி ஒன்று கிடைத்தால் அதன் வாயைப் பார்க்காதீர்கள். அலகுக்கும் பிடி ஆணிக்கும் நடுவே மொண்ணையாக இருக்கும் தண்டைப் பாருங்கள். செய்தவரின் முத்திரை அங்கேதான் இருக்கும். அலகின் மேல் அமிலத்தால் பொறித்த அலங்கார எழுத்து, தீட்டத் தீட்டத் தேய்ந்துவிடும். தண்டில் அடித்த முத்திரை ஆழமானது. ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்தால் எழுத்து எழுந்து வரும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம். துருவோடு முத்திரையும் போய்விடும்.

நட்சத்திரமும் மால்டா சிலுவையும் சேர்ந்திருந்தால் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராஜர்ஸ். ‘ஐ எக்ஸ் எல்’ என்றால் அதே ஊர் வோஸ்டன்ஹோம். பக்கம் பக்கமாக நிற்கும் இரட்டையர் உருவம் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்து ஹென்கல்ஸ். 1731இல் பதிவான குறி.

வயதைச் சொல்வது வேறு எழுத்துகள். மகுடத்தோடு ‘டபிள்யூ ஆர்’ இருந்தால் நான்காம் வில்லியம் காலம், 1830–37. ‘வி ஆர்’ என்றால் விக்டோரியா, 1837–1901. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது 1890இல். ஆகவே ‘இங்கிலாந்து’, ‘ஜெர்மனி’ என்ற சொற்கள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. ‘வி ஆர்’, ‘இங்கிலாந்து’ இரண்டும் ஒரே தண்டில் இருந்தால், அது ஏறக்குறைய அந்த மொட்டை நடந்த பத்தாண்டுக் கத்தி.

முத்திரையிலும் பொய் உண்டு. ஜெர்மன் கத்திகளில் ஷெஃபீல்டு பெயரை அடித்து விற்கிறார்கள் என்ற புகாரில்தான் பிரிட்டன் 1887இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவிலும் 1889இல் அதேபோல ஒன்று வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே சோலிங்கன் தன் பெயரைப் பிறர் திருடாமலிருக்க 1938இல் சட்டப் பாதுகாப்புத் தேட வேண்டியதாயிற்று.

தந்தமோ கொம்போ, பிடியை வைத்து மட்டும் வயது சொல்லாதீர்கள். பிடி உடைந்தால் ஆணியைத் தட்டி எடுத்து வேறு மாட்டிக்கொள்வது சாதாரணம். நூறு வயது அலகு நேற்றைய பிளாஸ்டிக் பிடியில் இருக்கும்.