நிறமும் வெகுளியும்

காரைக்காலைச் சார்ந்த அம்பகரத்தூரில் பத்திரகாளியம்மன் கோயில் உளது. காளி அசுரனை அழித்த இடம் இஃது என்பது தலவரலாறு. காளி என்னும் பெயர் கருமையைக் குறிப்பது; அவள் வழிபாட்டிற்குரிய குங்குமமோ செந்நிறத்தது. சினங்கொண்ட தெய்வத்தினிடத்து இவ்விரு நிறங்களும் ஒருங்கு நிற்கக் காணும் மாணவன், சினத்திற்குரிய நிறம் யாது என வினவின், ஆசிரியர் கூறும் விடை யாது? சிவப்பாவது சினம், கறுப்பாவது துயரம், பச்சையாவது அமைதி என்று ஒன்றற்கு ஒன்றாக வரையறுக்கும் ஓவியப்பாட அட்டவணை ஈண்டுத் துணை செய்யாது. தொல்காப்பியம் துணை செய்யும்.

கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளிப்பொருள் உடையன என உரியியல் கூறுகின்றது. அவை நிறத்தை உணர்த்துதற்கும் உரியன என்று அடுத்த நூற்பாவிற் கூறுகின்றது. வெகுளி முன்னும் நிறம் பின்னுமாக வைத்த இம்முறையைக் கண்டு, இச்சொற்களுக்கு உணர்வே முதற்பொருள் என முடிவு கட்டும் மாணவர் பலர். அம்முடிவு பொருந்தாது. யாவர்க்கும் வெளிப்படையான சொற்களை விடுத்து, வெளிப்படாதனவற்றையே உரைத்தல் அவ்வியலின் நெறி. நிறப்பொருளை யாவரும் அறிவர். விளக்கம் வேண்டி நின்றது வெகுளிப்பொருளே. கண் சிவத்தலும் முகங் கறுத்தலும் சினந்தார் மெய்யிற் காணப்படுவன. ஆதலின் ஒரே உணர்விற்கு இரு நிறங்கள் அமைந்தமை வியப்பன்று. இன்றும் ஒருவர் முகம் கறுத்தது என்றால், நாம் அவர் மேனி நிறத்தையா கருதுகின்றோம்?

வடமொழிப் பரதநூலார் சுவைதோறும் நிறம் வகுத்துள்ளார். அவர் கொள்கைப்படி வெகுளிக்குச் செம்மையும் அச்சத்திற்குக் கருமையும் உரியன. நகைக்கு வெண்மை, வியப்பிற்கு மஞ்சள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தாராயினும், அவற்றிற்கு நிறம் வகுத்திலர். இதனைக் குறையெனக் கூறுவாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கருமை காளிபால் வெகுளியாம். முல்லைத்தலைவி நோக்கும் கார்முகிலில் அதுவே தலைவன் வரவிற்கு அறிகுறியாம். மாயோன் மேனியில் அஃது அருளாம். சிவத்தலும் செம்மையும் ஓரடியிற் பிறந்தனவேனும், செங்கோல் என்புழிச் சினம் இல்லை. தும்பையின் வெண்மை மறத்தைச் சுட்ட, திருக்குறள் புல்லறிவைச் சுட்டுதற்கு வெண்மை என்னும் சொல்லை ஆளும். சார்பறியாது நிறத்திற்குப் பொருள் கூறல் சொல்லிற்கு இடமறியாது பொருள் கூறுதலை ஒக்கும்.

உணர்வு நிறத்தை மாற்றுதலும் உண்டு. பிரிவால் தலைவி மேனியிற் பரக்கும் பசலையைப் பீர்க்கம்பூவின் நிறத்தோடு ஒப்பிட்டனர் சங்கப் புலவர். நிறமின்மையே உணர்வாதற்கு நெடுநல்வாடை சான்று. அணிகளைந்து பள்ளியிற் கிடந்த அரசிக்கு, வண்ணம் தீட்டப்பெறாது கோட்டளவில் நின்ற ஓவியத்தை நக்கீரர் உவமையாக்கினார். வண்ணமே ஓவியத்திற்கு உயிரூட்டுவது என்னும் எண்ணம் இவ்வுவமைக்கு அடிநிலை. ஓவியம் பயில்வார்க்கு இதனினும் சிறந்த பாடம் ஒன்றை நாம் அறியோம்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் சுற்றறையில், நாயக்கர்காலப் பூச்சின்கீழ் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அவற்றுள் முப்புரம் எரித்த காட்சியில் மாணவர், செம்மையைக் கண்டவிடமெல்லாம் வெகுளி என எழுதிவிடுதல் கூடும். சுண்ணச் சுவரில் ஓவியர் விரும்பிய வண்ணமெல்லாம் நில்லா. சுண்ணத்தின் காரத்தைத் தாங்கவல்ல காவிமண், மஞ்சட்காவி, கரி முதலியவற்றையே பெரிதும் ஆளவேண்டும். ஆதலின் ஆசிரியர் முதற்கண் வினவவேண்டுவது இந்நிறம் எவ்வுணர்வு என்பதன்று; ஓவியர் கையில் இருந்த நிறங்கள் எவை, அவற்றுள் இவ்விடத்திற்கு இதனை ஏன் தெரிந்தார் என்பதே. கண்ணின் ஓரத்தில் மட்டும் செம்மை ஏற்றியிருப்பின் அது தெரிந்து வைத்தது. உடல் முழுதும் காவியாயின் மேலும் சான்று தேடல் வேண்டும்.