வலிக்காத நெஞ்சுக்கு வைத்தியம்

1996 அட்லாண்டா ஒலிம்பிக். கால்பந்து அரையிறுதியில் பிரேசிலைச் சாய்த்தது நைஜீரியா. கடைசி நிமிடத்தில் சமன் செய்த கோல், கூடுதல் நேரத்தில் வென்ற கோல் இரண்டையும் அடித்தவர் அணித் தலைவர் நுவான்க்வோ கானு. மறுநாள் அவருக்கு 20 வயது நிறைந்தது. அடுத்த இரண்டு நாளில் கழுத்தில் தங்கம்.

அப்போதுதான் இத்தாலியின் இன்டர் மிலான் கிளப் அவரை வாங்கியிருந்தது. அங்கே 1982 முதல் ஒரு சட்டம்: போட்டியில் ஆடுபவர் யாரானாலும் இசிஜி உட்பட உடல் பரிசோதனை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும். சம்பிரதாயம் என்று போன இடத்தில், மகாதமனி வால்வில் கோளாறு என்றார்கள். இனி பந்தைத் தொடுவதே சந்தேகம்.

ஒலிம்பிக் முழுக்க ஓடித் தீர்த்தவருக்கா? ஆம், அதுதான் வால்வுக் கோளாறின் சாமர்த்தியம். வால்வு சரியாக மூடாவிட்டால் வெளியே தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். அதை ஈடுகட்ட இதயத்தின் இடது கீழறை கொஞ்சம் கொஞ்சமாக விரியும். கடன் வாங்கிக் கௌரவமாகக் குடும்பம் நடத்துபவரைப் போல வருடக்கணக்கில் சமாளித்துவிடும். மூச்சு வாங்கத் தொடங்கும்போது தசை தளர்ந்திருக்கலாம்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவருக்கு ஆபரேஷன் வலியைப் போக்கும். கானு போன்றவர்களுக்கு நேர்மாறு. நடந்து உள்ளே போய், தழும்போடு படுக்கையில் வெளியே வர வேண்டும். உடம்பு சாட்சி சொல்லாது. எக்கோ படத்தை நம்பியாக வேண்டும். “எனக்கு ஒண்ணுமே இல்லையே” என்று இன்னொரு டாக்டரிடம் போவது பலவீனமல்ல. அங்கேயும் அதே பதில் வந்தபின் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கோளாறு இருப்பதே தெரியாமல் போனால்? 2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் மைதானத்தில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ, யாரும் மோதாமலேயே சரிந்து விழுந்தார். 28 வயது. இதயத் தசை தடித்திருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

கானுவுக்கு 1996 நவம்பரில், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அறுவை சிகிச்சை. கிளப் அவரைக் கைவிடவில்லை. 1997-ல் மீண்டும் களம். 1999 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆர்சனல் கிளப் சட்டையில், செல்சீயிடம் 0-2 எனத் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தில் கடைசி கால் மணி நேரத்துக்குள் மூன்று கோல். 2008 எஃப்ஏ கோப்பை இறுதியில் போர்ட்ஸ்மவுத்துக்காக ஆட்டத்தின் ஒரே கோல்.

இடையே, 2000-ல் தன் பெயரில் ஓர் இதய அறக்கட்டளை தொடங்கினார். அதன் உதவியில் ஆப்பிரிக்கக் குழந்தைகள் பலர் அறுவை சிகிச்சைக்காக இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றபின் 2014-ல் கானுவே மறுபடி அமெரிக்கா போய், இதயத்துக்கு இன்னொரு சிகிச்சை செய்துகொண்டார்.