சென்சார் பேட்டரியைக் குடிப்பது எது?

“பசுமைக்குடிலில் ரோஜா வைத்திருக்கிறேன். மண் ஈரப்பதம் காட்டும் சென்சார் நான்கு வாங்கிப் போட்டேன். பேட்டரி மூன்று வருடம் வரும் என்றார்கள். நான்காவது மாதமே இரண்டு நின்றுவிட்டன. மற்ற இரண்டும் நன்றாக ஓடுகின்றன. கருவியில் கோளாறா, நான் வைத்த விதத்தில் தவறா?”

கெலமங்கலம் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி இது. தளி, பாகலூர், பேரிகை வட்டாரத்திலும் குடில்களில் இப்படிப்பட்ட கருவிகள் பெருகி வருவதால், இரண்டு வரியில் பதில் சொல்லாமல் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

அவரிடம் முதலில் கேட்டது, நின்றுபோன இரண்டும் எங்கே இருந்தன என்பதுதான். இரண்டும் குடிலின் கடைக்கோடியில், சரிவான இடத்தில். செய்தி வாங்கும் பெட்டியோ முன்பக்கம் மோட்டார் அறைக்குள், ஆள் உயரத்தில். பாதிப் பதில் இதிலேயே கிடைத்துவிட்டது.

ஈரத்தை அளக்க சென்சாருக்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. மற்ற நேரமெல்லாம் அது தூங்குகிறது. அளந்ததைக் காற்றில் அனுப்பும் அந்த ஒரு நொடிதான் பேட்டரியைக் குடிக்கிறது. பக்கத்து வரப்பில் நிற்பவரிடம் சாதாரணமாகப் பேசுகிறோம். நான்கு வயல் தள்ளி நிற்பவரிடம் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துக் கத்துகிறோம். சென்சாரும் அதையேதான் செய்கிறது. இவர் வைத்திருப்பது ‘லோரா’ என்ற வகை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுவது. இதில் 7 முதல் 12 வரை வேகப் படிகள் உண்டு. சிக்னல் நன்றாக இருந்தால் 7-ம் படியில் ஒரு சின்னச் செய்தி சுமார் 0.06 நொடியில் போய்விடும். சிக்னல் மோசமானால் 12-ம் படிக்கு இறங்கும். அதே செய்திக்கு அப்போது சுமார் ஒன்றரை நொடி ஆகும். ஏறக்குறைய 24 மடங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு பலத்தில் அனுப்பும்போது கருவி சுமார் 120 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒன்றரை நொடிச் செய்தி ஒன்றுக்கு 0.05 மில்லி ஆம்பியர் மணி செலவு. நம் வாசகரின் கருவி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, அதாவது நாளுக்கு 144 முறை அனுப்பிக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு 7.2 ஆகிறது. 2,400 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி 333 நாள் வரவேண்டும். அப்படியானால் நான்கு மாதத்தில் ஏன் தீர்ந்தது?

அங்கேதான் அடுத்த விஷயம். ‘கிடைத்தது’ என்று பெட்டியிடமிருந்து பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்பும்படி கருவியை அமைத்துக் கொடுத்திருந்தார்கள். பள்ளத்தில் இருந்த சென்சாருக்குப் பதில் சரியாக வரவில்லை. ஒவ்வொரு செய்தியையும் மூன்று முறை அனுப்பினால் 333 நாள் 111 நாளாகிவிடும். கணக்கு சரியாக அங்கேதான் வந்து நிற்கிறது.

பதில் கேட்பது பாதுகாப்புதானே என்று தோன்றும். எல்லாச் செய்திக்கும் கேட்டால் நடப்பது வேறு. வாங்கும் பெட்டி பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்ற சென்சார்களின் குரல் அதன் காதில் விழாது. அந்தச் செய்திகள் தொலையும். அவையும் திரும்பக் கத்தும். நம்பகம் வேண்டும் என்று வைத்த ஏற்பாடே நம்பகத்தைக் கெடுக்கும். ஈரப்பதம் 42 என்ற செய்தி ஒன்று தவறினால் ஒன்றும் முழுகிவிடாது, அடுத்தது வரும். ‘தொட்டியில் தண்ணீர் இல்லை’, ‘உரக் குழாயில் அழுத்தம் இல்லை’ போன்ற எச்சரிக்கைகளுக்கு மட்டும் பதில் கேட்கும்படி விற்றவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள்.

இடைவெளியையும் கூட்டலாம். மண்ணில் வளரும் ரோஜாவுக்கு மணிக்கு ஒரு அளவு போதும், பத்து நிமிடத்தில் செம்மண் காய்ந்துவிடாது. தென்னைநார்க் கழிவில் வளர்ப்பவர்கள் மட்டும் கால் மணிக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் முதல் வேலை பெட்டியின் ஆன்டெனாவை உயரத்தில் ஏற்றுவது. மோட்டார் அறைச் சுவர், குடிலின் ஜி.ஐ. பைப், ஈரம் நிறைந்த இலைகள் எல்லாமே சிக்னலைத் தின்பவை. தண்ணீர்த் தொட்டி மேலே, இடிதாங்கியோடு, ஆன்டெனா செங்குத்தாக நிற்கட்டும். சென்சாரின் ஆன்டெனாவும் இலை மட்டத்துக்கு மேலே வரட்டும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கருவியை ஓட்டிப் பார்க்காதீர்கள், அனுப்பும் பகுதியே பழுதாகலாம். செயலியில் சிக்னல் எண் மைனஸ் 120 என்று காட்டினால் மோசம், மைனஸ் 90 என்றால் நல்லது.

சிம் போட்ட மோட்டார் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. எல்லையோரத்தில் நம் செல்போன் தமிழ்நாட்டு டவருக்கும் கர்நாடக டவருக்கும் மாறி மாறித் தாவுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டார்ட்டரில் உள்ள சிம்மும் தாவும். ஒவ்வொரு தாவலிலும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அந்த இடைவெளியில் நீங்கள் அனுப்பும் ‘ஆஃப்’ கட்டளை தாமதமாகலாம். சிக்னல் குறைந்த இடத்தில் 2ஜி கருவி 2 வாட் வரை பலம் கூட்டும். அப்போது 2 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி பழசாகியிருந்தால் அந்த இழுப்பைத் தாங்காமல் கருவி அணைந்து எழும். கரண்ட் போன செய்தி உங்களுக்கு வராமலே போவதற்கு இது ஒரு காரணம். வருடம் ஒரு முறை அந்தப் பேட்டரியைப் பாருங்கள்.

புதிதாக வரும் ‘என்பி-ஐஓடி’ சிம் கருவிகள் டவரிடம் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் தூங்கக்கூடியவை. ஈரம் அளக்க அருமை. மோட்டாருக்கு அந்தத் தூக்கம் ஆகாது, தூங்கும் கருவியைக் கூப்பிட முடியாது. எந்த வகையானாலும் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்தும் வேலையைச் சிக்னலிடம் விடாதீர்கள். அந்தக் காப்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். 800 அடி போர்வெல்லில் காயில் கருகினால் மோட்டாரை மேலே தூக்கும் செலவு உங்களுக்கே தெரியும். செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டருக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தந்து வந்திருக்கிறது. இந்த ஆண்டு எவ்வளவு என்று உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கெலமங்கலம் வாசகருக்கு இன்னொன்று. புது பேட்டரி வாங்கும்போது பழையதன் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். இந்த சென்சார்களில் பெரும்பாலும் 3.6 வோல்ட் லித்தியம் இருக்கும். டார்ச் லைட் பேட்டரியும் அதே அளவுதான், ஆனால் 1.5 வோல்ட், போட்டால் வேலை செய்யாது. 3.6 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் போடவும் கூடாது, வெடிக்கும்.