அரைக்காலும் இரண்டு வட்டியும்

திருவண்ணாமலை ஜில்லாவின் கலெக்டர் காரியாலயம் வேங்கிக்காலில் இருக்கிறது. நூற்றுக்கு இத்தனை என்னும் கணக்கில்லாமல் அங்கே வரியுமில்லை, கடனுமில்லை. அக்கணக்கோ ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை எங்குமே அச்சுறுத்துகிறது.

காலினும் எட்டில் ஒன்று பெரிதென்று பிள்ளைகள் பலர் சொல்லுகிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று. நான்கினும் எட்டு பெரிதென்றே அதுவரை போதித்து வந்தோம். திண்ணைப் பள்ளியின் எண்சுவடியில் அதற்குப் பெயர் அரைக்கால். காலில் பாதியென்று பெயரே விளம்பிவிடுகிறது. அரைக்கால் படி ஓர் ஆழாக்கு. மணிலாக்கொட்டை விளையும் அந்தச் சீமையில், எட்டு ஆழாக்குக் கொட்டையைப் பிள்ளையே அளந்து படியை நிரப்பட்டும். பிறகு மயக்கம் ஏது?

பழமையைப் போற்றித் தசாம்சத்தை இகழ்வது நமது நோக்கமன்று. பதினாறணா ரூபாயில் அரைக்கால் 2 அணா. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசானபோது அது 12½ காசாயிற்று. (அரைக் காசுக்கு நாணயமேது? கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்குமே வெளிச்சம்!) 0.125 என்பதும், நூற்றுக்கு 12½ என்பதும் அதே ஆழாக்குத்தான். மூன்றையும் தனித்தனிப் பாடமாக்குவது விவேகமன்று.

கிராமத்தில் ‘இரண்டு வட்டி’ என்றால் மாதம் நூற்றுக்கு 2 ரூபாய், வருஷத்துக்கு 24. பாங்கி சொல்லும் 12 வருஷக் கணக்கு. பன்னிரண்டினும் இரண்டு சிறிதென்று நம்பிக் கைநாட்டு வைக்கும் குடியானவர், எட்டைப் பெரிதென்ற பிள்ளையின் தவறையே செய்கிறார். ஆதலின் ஏழாம் வகுப்பிலேயே உபாத்தியாயர் ஒரு கடன் பத்திரத்தை விரித்து, மாத வட்டியை வருஷ வட்டியாக்கும் கணக்கைப் போடச் செய்யவேண்டும்.