டில்லி செல்லும் மாங்காய் கெடாதிருக்க

சென்னை-டில்லி ரயில் பாதை சுமார் 2,180 கிலோமீட்டர். வழியிலுள்ள விஜயவாடா மாவுக்கும் நாகபுரி ஆரஞ்சுக்கும் டில்லி நல்ல சந்தை. 2020 அக்டோபரில் நாகபுரி ஆரஞ்சை ஏற்றிக்கொண்டு கிசான் ரயில் டில்லிக்குப் புறப்பட்டது. சில பெட்டிகள் மட்டும் வைத்திருப்பவரும் அதில் அனுப்ப முடிந்தது. காய்கனிகளுக்குப் பாதிக் கட்டணம் மானியமாகக் கிடைத்தது. சிறு விவசாயிக்கு இதைவிட உகந்த ஏற்பாடு வேறில்லை. ஆனால் அம்மானியம் 2022 மார்ச்சுடன் நின்றுவிட்டது.

இனி முழுக் கட்டணத்தில் பார்சல் வேன்தான். அழுகிய பெட்டிக்கும் அதே கட்டணம் என்பதை மறக்கலாகாது. மே மாதத்தில் நாகபுரி வட்டாரத்தைக் கடக்கையில் வேன் அடுப்பாகக் காயும். எனவே நன்கு முற்றிய, பழுக்காத காய்களையே அனுப்ப வேண்டும். ஒரு சென்டிமீட்டர் காம்பு விட்டுப் பறித்து, தலைகீழாக வைத்துப் பாலை வடித்துவிடவும். பால் பட்ட தோல் கறுத்து விலை குறையும். பின்னர் 52 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 5 நிமிடம் அமிழ்த்தி, நிழலில் உலர்த்தினால் பழ அழுகல் நோய் குறையும். காற்றோட்டத் துளையுள்ள அட்டைப் பெட்டிகளில் அடுக்கவும். ஒரு பழுத்த காய் கலந்தாலும் பெட்டி முழுவதும் வழியிலேயே பழுத்துவிடும்.

பறிக்கும் முன்பே பார்சல் அலுவலகத்தில் வேனில் இடமுண்டா, வண்டி சரக்கேற்றும் அளவுக்கு நிற்குமா என்று விசாரித்துக்கொள்ளவும்.