தோட்டத்திலிருந்து கடைவரை: மரக்கறி அழிவைத் தடுத்தல்

நெற்பயிர் செய்யும் கமக்காரர் சூடடிக்கும் களத்தில் ஒரு மணியையும் வீணே சிந்தவிடுவதில்லை. ஈரம் நூற்றுக்கு 14 பங்கிற்கு மேற்படாதவாறு உலர்த்திச் சேமித்தால் நெல் பல மாதங்கள் கெடாதிருக்கும் என்பதை அவர் நன்கறிவார். ஆயினும், அதே கமக்காரர் தமது மேட்டு நிலத்தில் விளைந்த தக்காளியையும் கத்தரியையும் சாக்கில் திணித்து, சாக்கின்மேற் சாக்காக லொறியில் ஏற்றி அனுப்புவதைக் காணலாம். விற்றுப் பணம் கைக்கு வந்தபின் நேரும் நட்டம் தம்மைச் சாராது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். அவ்வெண்ணம் தவறானது.

அழிவின் அளவு

அறுவடை முடிந்து கடையைச் சேருமுன் உலகின் உணவில் நூற்றுக்கு 14 பங்கு அழிவதாக ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனம் 2019இல் மதிப்பிட்டது. இலங்கையின் மரக்கறி, பழம் ஆகியவற்றில் இவ்வழிவு நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது.

இதன் பொருளை ஓர் உதாரணத்தாற் காண்போம். வியாபாரி ஒருவர் 100 கிலோ தக்காளியைக் கிலோ 100 ரூபா வீதம் 10,000 ரூபாவுக்கு வாங்குகிறார். அதில் 35 கிலோ அழிந்தால், எஞ்சிய 65 கிலோவே முழு முதலையும் சுமத்தல் வேண்டும். லொறிக் கூலியும் இலாபமும் சேருமுன்னரே ஒரு கிலோவின் அடக்கம் ஏறக்குறைய 154 ரூபா ஆகிவிடுகிறது. அழிவு 10 கிலோவாகக் குறைந்தால் அடக்கம் 111 ரூபா மட்டுமே. அழிவை முன்கூட்டியே எண்ணிக் கணக்கிடும் வியாபாரி, தோட்டத்தில் விலையைக் குறைத்துக் கேட்பார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைக்காரர் விலையை உயர்த்திச் சொல்வார். ஆகவே, அழுகிய தக்காளிக்குப் பணம் கொடுப்போர் இருவர்: ஒருவர் கொழும்பில் வாங்கி உண்பவர், மற்றவர் அதனை விளைவித்த கமக்காரர்.

கொழும்புக்கு வரும் வழி

நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளிலிருந்து கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி என்பன கொழும்புக்கு வருகின்றன. தாழ்நாட்டு மரக்கறிகளிற் பெரும்பகுதி, 1999இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் வழியாகச் செல்கிறது. யாழ்ப்பாணத்து முருங்கைக்காயும் கத்தரிக்காயும் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடந்து வருகின்றன. முன்னர் இவை புறக்கோட்டை மானிங் சந்தையில் இறக்கப்பட்டன. அச்சந்தை 2020இல் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து சில்லறைக் கடைக்காரர் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் எடுத்துச் செல்கின்றனர்.

இவ்வழியில் ஒரு சாக்கு பல தடவை ஏற்றி இறக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் அது எறியப்படுகிறது. பின்னர் மேலே அடுக்கிய சாக்குகளின் பாரத்தைச் சுமக்கிறது. சிலவேளை அதன்மேல் ஆட்களும் அமர்ந்து செல்கின்றனர். நசுங்கிய காய் இரவில் வெளிக்குத் தெரியாது. மறுநாள் கடைத் தட்டில் அழுகலாகத் தோன்றும்.

பறித்த பின்னும் உயிர் உண்டு

பெரும்பாலான மரக்கறிகளில் நூற்றுக்கு 80 முதல் 95 பங்கு நீரே உள்ளது. செடியிலிருந்து பறித்த பின்னும் அவை சுவாசிக்கின்றன. ஆனால் வேரிலிருந்து நீர் கிடைப்பதில்லை. வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் கூடும்போது சுவாசமும் கேடும் இரண்டு மூன்று மடங்கு விரைவடைகின்றன. நிறையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு நீரை இழந்தாலே கீரை வாடி விலையிழக்கும். தோலிற் பட்ட சிறு காயமும் பூஞ்சணம் நுழையும் வாயிலாகும். எனவே, கடையில் காணப்படும் கேட்டின் வித்து பெரும்பாலும் தோட்டத்திலேயே, பறித்த முதற் சில மணி நேரத்திலேயே, விழுந்துவிடுகிறது எனலாம்.

2011ஆம் ஆண்டின் பாடம்

மரக்கறிகளையும் பழங்களையும் பிளாஸ்டிக் கூடைகளிலேயே கொண்டுசெல்லுதல் வேண்டுமென 2011 டிசம்பரில் விதி கொண்டுவரப்பட்டது. தம்புள்ளை முதலிய இடங்களில் கமக்காரரும் வியாபாரிகளும் அதனை எதிர்த்தனர், விதி தளர்த்தப்பட்டது.

எதிர்த்தோர் கூடையின் நன்மையை அறியாதவரல்லர். கூடையை விலைகொடுத்து வாங்குதல் வேண்டும். சாக்கில் ஏற்றும் அளவைக் கூடைகளில் அதே லொறியில் ஏற்ற இயலாது. ஆதலின் கிலோ ஒன்றுக்கான கூலி உயரும். வெறுங்கூடை கொழும்பிலிருந்து திரும்பி வருதலும் வேண்டும். செலவு தோட்டத்தில் முதலில் விழ, நன்மை கடையிலே சேருமாயின், கமக்காரர் அதனை எவ்வாறு ஏற்பார்? எனவே, தனியொருவரால் தாங்கவியலாத இச்செலவைக் கூட்டாக ஏற்பதே தக்க வழி. கமக்காரர் அமைப்பின் பேரில் கூடைகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் அடையாளம் இட்டு, கூடையைத் திருப்பித் தரும் வியாபாரிக்கே தொடர்ந்து விற்கலாம். தரம் பிரித்த காய்க்கு உயர்ந்த விலை தருதல் வேண்டுமென லொறி புறப்படுமுன்னரே பேசி முடித்துக் கொள்ளலாம். பலர் ஒன்றாகக் கேட்கும் விலைக்கு மதிப்பு அதிகம்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை

1. பனிநீர் உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் பறித்தல் வேண்டும். மழையில் நனைந்த காயை உடனே பொதி செய்தலாகாது.

2. தூரத்துச் சந்தைக்கு அனுப்பும் தக்காளியை, நிறம் மாறத் தொடங்கும் பருவத்திற் பறித்தல் நன்று. முற்றாகச் சிவந்தவற்றை அயற்சந்தையில் விற்கவும்.

3. கத்தரிக்காயைப் பிடுங்காது காம்புடன் வெட்டி எடுக்கவும்.

4. பறித்தவற்றை உடனே நிழலுக்குக் கொண்டுவரவும். வரம்போரத்தில் ஒரு சிறு கிடுகுக் கொட்டில் அமைத்தாற் போதும்.

5. புழு குத்தியவை, வெடித்தவை, அழுகியவை ஆகியவற்றை நீக்கி, எஞ்சியவற்றைப் பருமன் பார்த்துப் பிரிக்கவும். அழுகிய காய் ஒன்று தன்னைச் சூழ்ந்தவற்றையும் கெடுக்கும்.

6. கூடையின் உட்புறத்தில் கடதாசி விரித்து, விளிம்புக்கு மேலெழாமல் நிரப்பவும். சாக்கு தவிர்க்க முடியாததாயின், ஒருவர் இலகுவாகத் தூக்கி மெதுவாக இறக்கக்கூடிய சிறு சாக்கையே பயன்படுத்தவும்.

7. கரட் போன்ற கிழங்குகளைத் தூய நீரிற் கழுவி, நீர் வடிந்தபின்னரே பொதி செய்யவும். அழுக்கு நீர் அழுகலைப் பரப்பும்.

8. பழுத்த வாழைக்குலை, பழுத்த தக்காளி ஆகியவற்றுடன் கீரை, கோவா, போஞ்சி என்பவற்றைச் சேர்த்து வைத்தலாகாது. பழங்கள் வெளிவிடும் எதிலீன் வாயு பச்சை மரக்கறிகளை மஞ்சளாக்கும்.

9. லொறியில் பூசணி முதலிய பாரமானவை கீழும், மென்மையானவை மேலும் இருத்தல் வேண்டும். இரவுப் பயணமே சிறந்தது. படங்கால் மூடும்போது காற்றோட்டத்துக்கு இடம் விடவும். பொதிகளின்மேல் எவரையும் அமரவிடலாகாது.

இவற்றுட் பலவற்றுக்குப் பணச் செலவு இல்லை, கவனமே செலவு. விதை, பசளை, நீர், உழைப்பு யாவும் அழிந்த காயினுள்ளும் அடங்கியுள்ளன. ஆகையால், புதிதாக ஒரு பரப்பு நிலத்தைக் கொத்திப் பயிரிடுமுன், விளைந்ததை அழியாது கடை சேர்ப்பிக்கக் கமக்காரர் முயலுதல் வேண்டும். நெல்மணியைச் சிந்தவிடாத கைக்கு இது புதிய வேலையன்று.