மீட்டர் 1 காட்டினால் போதுமா?

வீட்டுப் பின்புறத்தில் செங்குத்தாக ஒரு கம்பி, அதன் அடியில் ஒரு கேபிள். "அமெச்சூர் வானொலிக்கு இவ்வளவுதானா?" என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பார்வைக்கு அவ்வளவுதான். ஆனால், கம்பியும் கேபிளும் சேரும் இடத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது.

20 மீட்டர் அலைவரிசையை எடுத்துக்கொள்வோம். அதன் அதிர்வெண் சுமார் 14 மெகாஹெர்ட்ஸ். அதற்குக் கால் அலைநீள அண்டெனா ஏறக்குறைய 5 மீட்டர் உயரம் இருந்தால் போதும். தாமான் வரிசை வீட்டிலும் நிறுத்திவிடலாம். கேபிளின் நடுக்கம்பியை அண்டெனாவின் அடிமுனையில் இணைக்க வேண்டும். வெளிவலையை, தரையில் நாலாபக்கமும் பரப்பிய 'ரேடியல்' கம்பிகளில் இணைக்க வேண்டும். மின்னோட்டம் திரும்பி வரும் பாதை அதுதான்.

நாம் பயன்படுத்தும் கேபிளின் மின்மறுப்பு 50 ஓம். நல்ல தரைத்தளம் அமைந்த கால் அலை அண்டெனாவுக்கோ சுமார் 36 ஓம்தான். இந்த வித்தியாசத்தால் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.4 காட்டும். பயப்பட வேண்டாம், எதிரொலித்துத் திரும்புவது வெறும் 3 விழுக்காடு சக்திதான்.

புதியவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது இதைத்தான். இரண்டு மூன்று ரேடியல்களோடு நிறுத்தினால், மண்ணின் இழப்பு ஒரு 14 ஓம் சேர்ந்து மொத்தம் 50 ஆகிவிடலாம். மீட்டர் அழகாக 1 காட்டும். ஆனால் 100 வாட்டில் 28 வாட் மண்ணைச் சூடாக்கவே போய்விடும்! ரேடியல்களைக் கூட்டினால் மீட்டர் 1.4-க்கு ஏறும்; சிக்னலோ வலுக்கும். மீட்டர் ஏறுகிறதே என்று கம்பிகளைக் கழற்றிவிடாதீர்கள்.

பொருத்தமும் வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு. அண்டெனாவை உயரத்தில் நிறுத்தி, ரேடியல்களை 45 பாகை கீழ்நோக்கிச் சாய்த்தால் மின்மறுப்பு 50 ஓமை நெருங்கும். தரையில் நிற்பதானால், கம்பியின் நீளத்தைச் சற்றே குறைத்து, அடிமுனைக்கும் ரேடியல்களுக்கும் இடையே சுமார் 0.9 மைக்ரோஹென்றி சுருள் ஒன்றை இணைக்கலாம். கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடாதிருக்க, அதே இடத்தில் ஃபெரைட் சோக் ஒன்றும் போடுங்கள்.

மின்கம்பி அருகே அண்டெனாவை நிறுத்தவே கூடாது. இடி மின்னலுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்முடையது. வானம் கறுப்பதற்கு முன்பே கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஒலிபரப்புமுன் உரிமம் பெற்றிருப்பதும் அவசியம்.